1979இன் இரு சட்டங்களும் ஒரு கவிதை நூலும்

1979ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களுள் இரண்டு, எழுத்தோடு நெருங்கிய தொடர்புடையவை. ஒன்று, அவ்வாண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். மற்றையது, 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டக்கோவை. இலக்கங்களுக்கிடையே உள்ள இடைவெளி நான்கே. முன்னையது சொல்லைக் குற்றமாகவும் கொள்ள இடமளித்தது. பின்னையது சொல்லை அதை ஆக்கியோனின் உடைமையாகக் கொண்டது. மூன்றாண்டுகளுக்கெனக் கொண்டுவரப்பட்ட முன்னைய சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. பின்னையதன் இடத்தில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்தது. ஒரே மன்றத்தில் ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரண்டும் நாற்பது ஆண்டுகள் ஒன்றையொன்று அறியாதனபோல் இருந்துவந்தன. 2020இல் மன்னார் மாவட்டத்துக் கவிஞர் ஒருவரின் நூல் இரண்டினது எல்லைக்குள்ளும் ஒருசேர வந்து நின்றது. அவ்வேளையில் பேசியது ஒரு சட்டம் மட்டுமே.

புலமைச் சொத்து என்றதும் பதிப்பாளருக்கும் ஆசிரியருக்குமிடையிலான பணத் தகராறும், திரைப்படக் கதை யாருடையது என்ற வழக்குமே பலருக்கு நினைவில் எழுகின்றன. பொருளாதார உரிமைகளைப் பொறுத்தவரை அது சரியே. ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப் பின் எழுபது ஆண்டுகளும் அவ்வுரிமைகள் நீடிக்கும். ஆனால் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பணத்தோடு தொடர்பற்ற வேறொன்றைக் கூறுகின்றது. அதுவே தார்மிக உரிமை. தன் ஆக்கத்தோடு தன் பெயர் விளங்கத் தோன்ற வேண்டும் என்று கோரவும், விரும்பினால் புனைபெயரில் மறைந்திருக்கவும் ஆசிரியருக்கு உரிமையுண்டு. அதற்கும் மேலாக, தன் மதிப்புக்கோ நற்பெயருக்கோ ஊறு விளையுமாறு ஆக்கம் திரிக்கப்படுவதையும் சிதைக்கப்படுவதையும் மறுத்துரைக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆசிரியர் உயிரோடிருக்கும்வரை இவ்வுரிமையைப் பிறருக்குக் கைமாற்ற இயலாது.

தமிழ்ப் புலமை மரபுக்கு இக்கருத்து அந்நியமானதன்று. பாடபேதம், இடைச்செருகல், ஏடெழுதுவோர் பிழை என்னும் தொடர்கள் வழங்கும் மொழியில் சிதைவு பற்றிய விழிப்பு நெடுங்காலமாகவே இருந்துவந்துள்ளது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடு ஏடாக ஒப்புநோக்கியது பழையதைப் பாதுகாக்கும் ஆர்வத்தினால் மட்டுமன்று. புலவன் சொல்லாததை அவன்மேல் ஏற்றுவது பிழை என்ற எண்ணமும் அவ்வுழைப்பின் அடியில் இருந்தது. 10ஆம் பிரிவு சட்ட மொழியில் கூறுவதும் ஏறத்தாழ அதனையே.

மன்னார்க் கரையில் இவ்வெண்ணத்துக்கு மற்றொரு வடிவமும் உண்டு. மாதோட்டப் பகுதியின் கத்தோலிக்கக் கூத்துக்கள் வடபாங்கு, தென்பாங்கு எனவும் வாசாப்பு எனவும் வகுத்து வழங்கப்படுகின்றன. அவை தலைமுறை தலைமுறையாகக் கையெழுத்துப் படிகளாகவும் அண்ணாவிமாரின் நினைவிலும் வாழ்ந்தவை. எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம், மூவிராசாக்கள் நாடகம் முதலியவற்றையும் மன்னார் நாட்டுப் பாடல்களையும் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்து வெளிக்கொணர்ந்தமை ஈழத்து நாடக ஆய்வில் ஒரு திருப்பம். இத்தகைய மரபுகளுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளிக்கின்றது. 24ஆம் பிரிவின்படி, நாட்டார் வழக்காற்று வெளிப்பாடு ஒன்றை வணிக நோக்கில் அல்லது அதன் மரபுவழிச் சூழலுக்குப் புறம்பாகப் பயன்படுத்த அனுமதி வேண்டும். அது பெறப்பட்ட சமுதாயத்தையோ இடத்தையோ குறிப்பிடவும் வேண்டும். மிக நன்று. ஆனால் அனுமதி அளிக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது? அமைச்சர் தீர்மானிக்கும் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரிடம். கட்டணமாகச் சேரும் பணம் பண்பாட்டு மேம்பாட்டுக்குச் செலவிடப்படும். கூத்தை ஆடிக் காத்த ஊருக்குப் பெயர் கிடைக்கும். அதுபற்றிப் பேசும் உரிமை கிடைக்காது. ஊரின் சொல்லை ஊருக்காக வேறொருவர் பொறுப்பேற்கும் இவ்வமைப்பு, பின்னர் கூறப்படவுள்ள வழக்கைப் புரிந்துகொள்ள உதவும்.

இக்கரை எழுத்து வந்துசேரும் வழியாகவும் இருந்தது. தீவின் வடமேற்கு முனையிலுள்ள தலைமன்னார் இறங்குதுறைக்கு 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து கப்பல் ஓடியது. 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேசுவரத்திலிருந்து அச்சேவை 1980களின் முற்பகுதிவரை தொடர்ந்தது. 1970களின் முற்பகுதியில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியபோது ஈழத்து எழுத்தாளருட் பலர் அதனை வரவேற்றனர். உள்ளூர் வெளியீட்டுத் துறை அதனால் ஊக்கம் பெற்றது என்பதை மறுத்தற்கில்லை. எனினும், வாசகன் எதைப் படிக்கலாம் என்பதை அரசு தீர்மானிக்கும் முறைக்கு இலக்கியகாரரே அன்று கைதட்டினர் என்பதும் பதிவு செய்யப்படவேண்டியதே. அன்று கட்டுப்பாடு துறைமுகத்தில் நின்றது. தாளைத் தடுத்தது, தாளில் உள்ள கவிதையை விளங்கிக்கொண்டதாகப் பாவனை செய்யவில்லை.

இனி அந்நூலுக்கு வரலாம். மன்னாரமுது அஹ்னாப் என்னும் பெயரில் எழுதிய அஹ்னாப் ஜசீமின் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதி 2017இல் வெளியாயிற்று. மன்னார் மாவட்டத்தின் தென்கரையில் பண்டு முத்துக்குளிப்பினாற் புகழ்பெற்ற சிலாவத்துறைப் பகுதியைச் சேர்ந்தவர் அவர். வடமாகாண முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இக்கரையோர ஊர்களும் வெறுமையாயின. போர் 2009இல் முடிந்தபின் மக்கள் சிறுகச் சிறுக மீண்டனர். அத்தகைய ஒரு சமூகத்திலிருந்து தமிழில் ஒரு கவிதை நூல் வெளிவருவது சிறிய செய்தியன்று. 2020 மே 16ஆம் நாள் அவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டார். அந்நூலும், புத்தளத்தில் ஆசிரியராக இருந்தபோது அவர் மாணவருக்குக் கற்பித்தவையும் விசாரணையின் பொருளாயின. ஏறத்தாழப் பத்தொன்பது மாதங்கள் அவர் தடுப்பிலும் விளக்கமறியலிலும் இருந்தார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

இச்சட்டத்தின் 2ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு, பேசப்படும் சொல்லாலோ படிப்பதற்கென எழுதப்படும் சொல்லாலோ சமூகங்களுக்கிடையே பகைமையை விளைவிப்பதையும் விளைவிக்கக் கருதுவதையும் குற்றமாக்குகின்றது. தண்டனை ஐந்து முதல் இருபது ஆண்டுவரைச் சிறை. வழக்கு விசாரணைக்கு முன்னரே, அமைச்சரின் கட்டளையின்பேரில் அக்காலத்தில் பதினெட்டு மாதங்கள்வரை ஒருவரைத் தடுத்துவைக்கலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைப் பன்னிரண்டாகக் குறைத்தது. கூர்ந்து நோக்கினால், தீர்ப்பு வருமுன் நிகழும் முதல் வாசிப்பே இங்குத் தண்டனையின் பெரும்பகுதியாகின்றது. அந்த முதல் வாசிப்பை யார் நிகழ்த்தினார், எம்மொழியில் நிகழ்த்தினார் என்பனவே இலக்கிய விமரிசகன் கேட்கவேண்டிய வினாக்கள்.

கவிதைகள் சிலவற்றின் சிங்கள மொழிபெயர்ப்பு குழந்தை மனநல மருத்துவர்களின் கருத்துக்கு அனுப்பப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. மருத்துவர் கவிதை படிப்பது வரவேற்கத்தக்கதே. எல்லாத் தொழிலினரும் படிக்கவேண்டும். ஆயினும் மாணவர் உளநலம் பற்றிய அவர்களின் தேர்ச்சி, தமிழ்க் கவிதையின் குரல் யாருடையது என்று கண்டறியும் தேர்ச்சியாகாது. அதிலும் அவர்கள்முன் இருந்தது கவிதையன்று. அதன் பொருளென ஒருவர் கருதியதன் பிரதி. தமிழ் மூலத்தைப் படித்தோர் பலர் அந்நூல் வன்முறையையும் தீவிரவாதத்தையும் கண்டிப்பதாக எடுத்துக்காட்டினர். போரைக் கண்டிப்பவன் போரை வருணித்தே ஆகவேண்டும். வருணனையை மட்டும் பெயர்த்துக் கண்டனத்தைக் கைவிட்டால், கண்டிப்பவன் அழைப்பவனாகிவிடுவான்.

நூலின் தலைப்பே வாசிப்பு முறை ஒன்றைச் சுட்டுகின்றது. வடமொழி அழகியலில் சிருங்காரம் முதல் சாந்தம் ஈறாக ஒன்பது சுவைகள். தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகள் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. இரு மரபிலும் வெகுளி இடம்பெறுகின்றது. அச்சமும் இழிவும் இடம்பெறுகின்றன. ஒரு தொகுதியில் வெகுளி காணப்பட்டதாற் கவிஞன் வன்முறையாளன் எனின், அழுகை காணப்பட்டதால் அவன் நோயாளி எனவும் கொள்ளவேண்டிவரும். தமிழ்ப் பொருளிலக்கணம் ‘கூற்று’ என்று ஒன்றை வகுத்ததன் பயன் இங்கே வெளிப்படுகின்றது. தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், செவிலி பேசுகிறாள். புலவன் அவர்களுள் எவருமல்லன். நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் சேர்த்துப் புலனெறி வழக்கம் என்று பெயரிட்ட மொழியில், எழுதியவனும் பேசுபவனும் ஒருவரே என்று கொள்வது வாசிப்பின் ஆரம்பப் பாடத்தையே தவறவிடுவதாகும்.

இவ்விடத்தில் 10ஆம் பிரிவை மீண்டும் எண்ணிப்பார்க்கலாம். ஆசிரியரின் நற்பெயருக்கு ஊறு விளைக்கும் திரிபு என்று சட்டம் கூறும்போது எதைக் கருதியிருக்கும்? தனியார் வெளியீட்டாளர் ஒருவர் கவிதையை வெட்டிப் பிழைபட மொழிபெயர்த்து, இவர் தீவிரவாதி என்று முன்னுரை எழுதி வெளியிட்டால், ஆசிரியர் மறுத்துரைக்கலாம். அதே செயல் புலனாய்வுக் கோப்பொன்றினுள் நிகழும்போது, அம்மறுப்பைச் சிறைக்குள் இருக்கும் ஆசிரியர் யாரிடம் கூறுவது? உரிமை மீறப்பட்டதெனக் கருதுபவர் தாமே வழக்காட வேண்டும் என்பது அச்சட்டத்தின் போக்கு. குற்றம் சாட்டப்பட்டவரோ தாம் எழுதாததற்கும் விடையிறுக்கவேண்டிய நிலையில் இருக்கிறார்.

ஆனால் முழுப் பழியையும் மொழிபெயர்ப்பின்மீது சுமத்துவது எளிய வழி. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவின் அனுபவம் அவ்வழியை அடைத்துவிடுகின்றது. அவர் 2019இல் முகநூலில் வெளியிட்ட சிறுகதை பௌத்த துறவியரை இழிவுபடுத்துவதாக முறைப்பாடு செய்யப்பட்டது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அவ்வாண்டு ஏப்ரலில் அவர் கைதாகி, ஓகஸ்ட்வரை அடைபட்டிருந்தார். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்துக்குச் செயல்வடிவம் தருவதற்கென இயற்றப்பட்ட சட்டம் அது. உரிமையைக் காக்கும் பெயருடைய சட்டத்தினாலேயே கதையாசிரியர் சிறை சென்றமை வரலாற்றின் எள்ளல். அவர் 2021இல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அங்கே மொழிபெயர்ப்பாளர் இல்லை. எழுதியவரும் முறையிட்டவரும் கைதுசெய்தவரும் ஒரே மொழியினர். எனவே குறை அகராதியில் மட்டும் இல்லை. புனைகதை மாந்தரின் செயலை உலகத்து மனிதர்மேல் சாட்டப்பட்ட குற்றமாகக் கொள்ளும் வாசிப்பிலேயே அது தொடங்குகின்றது. தமிழ்க் கவிஞருக்கு அதற்குமேல் மொழியின் சுவரும் சேர்ந்துகொண்டது; அடைபட்டிருந்த காலமும் பன்மடங்காயிற்று.

‘நவரச’த்துக்காகக் குரல் கொடுத்தோர் முன்வைத்த வாதத்தையும் விமரிசிக்காது விடலாகாது. இக்கவிதைகள் சமாதானத்தைப் பேசுகின்றன, ஆகவே கவிஞர் குற்றமற்றவர் என்பதே அவ்வாதம். அவசரத்தில் அது தேவையாயிருந்தது. ஒரு மனிதரைச் சிறையிலிருந்து மீட்க வேண்டிய வேளையில் கவிதையியல் நுணுக்கம் பேசிக்கொண்டிருக்க இயலாது. எனினும் அவ்வாதம் கவிதையின் கருத்தைக் கொண்டே கவிஞனைச் சிறையிடலாம் அல்லது விடுவிக்கலாம் என்ற அடிப்படையை ஏற்றுக்கொள்கின்றது. நாளை சமாதானம் பேசாத ஒரு கவிதை வந்தால்? வீட்டை இழந்தவனின் கசப்பை மட்டும், ஆறுதல் ஒன்றும் கூறாது, பாடும் நூல் வந்தால்? இக்கரையில் எல்லாச் சமூகத்தாரிடமும் அத்தகைய கசப்புக்குக் காரணம் இருக்கின்றது. அதனைப் பாடுபவருக்கு ‘நவரச’த்தின் பாதுகாப்பு வாதம் உதவாது. கவிதைத் தரம் பற்றிய கேள்வியும் இவ்வாறே. அந்நூல் சிறந்த கவிதையா, தொடக்கநிலைக் கவிதையா என்பது விமரிசனத்தின் வேலை. சிறைவாசலில் அக்கேள்விக்கு இடமில்லை.

தலைமன்னாருக்கு எதிர்க்கரையில் நிகழ்ந்த ஒன்றை இதனோடு ஒப்பிடலாம். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பி, அவர் 2015 ஜனவரியில் தம்முள் எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தமை எல்லோரும் அறிந்ததே. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்நாவலை நாவலாகவே அணுகி, அதனைத் தடைசெய்யக் கோரிய முறையீடுகளை நிராகரித்தது. நூல் முழுவதையும் நோக்க வேண்டும், விரும்பாதவர் படிக்காமல் விடலாம் என்ற போக்கில் அத்தீர்ப்பு அமைந்தது. இத்தகைய பிணக்குகளில் கருத்துரைக்கக் கலை இலக்கிய அறிஞர் குழு ஒன்று வேண்டும் எனவும் அது கருதியது. பின்கூறியது ஐயத்துக்குரிய யோசனை. அறிஞர் குழுவும் நாளடைவில் தணிக்கைக் குழுவாகிவிடக் கூடும். பேராசிரியர்கள் சக எழுத்தாளரிடம் எப்போதும் தாராளமாக நடந்துகொண்டதில்லை என்பதும் தெரிந்ததே. ஆனால் முதற்கூறிய நெறி எளியது, குழு எதுவும் வேண்டாதது. இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895 முதலே, அறிவியலிலோ கலையிலோ எழும் பிரச்சினையில் வல்லுநர் கருத்தை நீதிமன்றம் கேட்க இடமளித்துள்ளது. தமிழ்க் கவிதையைத் தமிழிற் படிக்கவல்லவரை அழைத்துக் கேட்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை.

இதற்கிடையில் எழுத்தின் வழி மாறிவிட்டது. கப்பல் நின்றது, 1990இல் துண்டிக்கப்பட்ட தலைமன்னார் இரயில் பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது, ஆனால் கவிதை இப்பொழுது இரண்டையும் எதிர்பார்ப்பதில்லை. இலங்கை அரசு 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்களைச் சில நாட்களோ சில மணி நேரமோ முடக்கியது. துறைமுகத்தில் தாளைத் தடுத்ததற்கு இணையான, மொத்தமாகக் கதவடைக்கும் முறை அது. 2024 ஜனவரி 24ஆம் நாள் பாராளுமன்றம் ஏற்று, பெப்ரவரி 1ஆம் நாள் சபாநாயகர் சான்றுபடுத்திய 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு வகையானது. அது கதவை மூடுவதில்லை. உள்ளே வரும் ஒவ்வொரு கூற்றையும் படித்துப் பார்க்க முனைகின்றது. ஐந்து உறுப்பினர் கொண்ட ஆணைக்குழு ஒன்று, இலங்கையில் நிகழ்ந்தனபற்றிய பொய்யான கூற்றுக்களையும் சமூகங்களுக்கிடையே பகைமையைத் தூண்டுவனவற்றையும் அடையாளங்கண்டு, அவற்றை நீக்குமாறு பணிக்கலாம்.

பொய்க் கூற்று என்பதற்கு அச்சட்டம் தரும் வரைவிலக்கணம் கவனிக்கத்தக்கது. சொல்பவர் தாமே உண்மையற்றதென அறிந்து, ஏமாற்றும் எண்ணத்தோடு கூறுவது என்பது அதன் சாரம். நல்லெண்ணத்தோடு கூறப்படும் அபிப்பிராயத்துக்கு விலக்குண்டு. ஆனால் கவிதை அபிப்பிராயமா? கதை சொல்பவர், தாம் சொல்வது நிகழாதது என்று நன்கறிந்தே சொல்கிறார். கேட்பவரும் அறிந்தே கேட்கிறார். கவிதைக்குப் பொய்யழகு என்பது தமிழ் வழக்கு. உண்மை, பொய், அபிப்பிராயம் என்னும் மூன்று பெட்டிகளுள் எதிலும் அடங்காத ஒன்று மனித மொழியில் உண்டு என்பதற்கு அவ்வரைவிலக்கணத்தில் இடம் தென்படவில்லை. கைத்தொலைபேசித் திரையில் ஒரு கவிதை முழுமையாகச் செல்வதும் அரிது. நான்கு வரிகள் வெட்டப்பட்டு, பெயர் நீங்கி, வேறொருவரின் ஆத்திரத்தோடு சேர்ந்து பரவுகின்றன. 10ஆம் பிரிவு விலக்க முனைந்த சிதைவு அங்கே அன்றாட வழக்கமாகியுள்ளது. அச்சிதைந்த வடிவமே ஆணைக்குழுவின் முன் முறைப்பாடாக வந்து சேரக்கூடியது. மூல ஆசிரியர் யார், மூலம் எது என்று தேடவேண்டிய கடமை யாருக்கு என்பது தெளிவாக்கப்படவில்லை.

ஆணைக்குழு உறுப்பினருக்கு வேண்டிய தகைமைத் துறைகளையும் சட்டம் கூறுகின்றது. தகவல் தொழில்நுட்பம், சட்டம், ஆளுகை, சமூக சேவை, ஊடகவியல், விஞ்ஞான தொழில்நுட்பம், முகாமைத்துவம் என அப்பட்டியல் செல்கின்றது. மொழியும் இலக்கியமும் அதில் இல்லை.